மூன்று ஜோடி கிரிப்பும் ஒரு இரும்புக் குண்டும்

வீடு கடலூர் மஞ்சக்குப்பம், வேலை புதுச்சேரி முதலியார்பேட்டை. நடுவில் சுமார் 22 கிலோமீட்டர். ஆல்பேட்டை தாண்டித் தென்பெண்ணைப் பாலம், ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று தினம் இரண்டு நடை, நாலு வருடமாக. வண்டி செகண்ட் ஹேண்டில் வாங்கிய 150 சிசி பைக், ஒற்றை சிலிண்டர். ஆடி மாதம் இந்தக் கூத்து ஆரம்பித்தபோது மீட்டரில் 63,200.

கூத்து என்றால், மரப்பாலம் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் மரத்துப்போன இரண்டு கையையும் உதற ஆரம்பித்தேன். யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்துப் பக்கத்து வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கடையில் கணினி முன்னால் உட்கார்ந்தால் முதல் பத்து நிமிடம் விரலில் எறும்பு ஊரும். பில் போடுகிற வேலை எனக்கு. ஐந்து அடிக்கப் போய் எட்டு விழுந்தால் முதலாளி சும்மா இருப்பாரா?

ஹேண்டில் பார் முனையில் கை பிடிக்கிற ரப்பர் உறை, அதாவது கிரிப்பைத் தடவிப் பார்த்தேன். வண்டியோடு வந்த ரப்பர். கோடு கோடாக இருந்த மேடுகள் எல்லாம் தேய்ந்து மொழுமொழுவென்று ஆகி, வெயிலில் இறுகி விறகுக்கட்டை மாதிரி இருந்தது. சரி, குற்றவாளி இதுதான், மெத்தென்று ஒன்றை மாட்டினால் தீர்ந்தது என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த முடிவு மூன்று மாதத்தையும் எழுநூறு ரூபாயையும் தின்றது.

முதலில் செலவில்லாத வழி. பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் டியூப் ஒன்று வாங்கி, அளவாக வெட்டி, சோப்புத் தண்ணீர் தடவிப் பழைய கிரிப்பின் மேலேயே ஏற்றினேன். பால்காரர்கள் வண்டியில் பார்த்திருப்பீர்கள். பிடிப்பு பிரமாதம், வேர்த்த கையிலும் வழுக்காது. ஆனால் அதிர்வு இம்மியும் குறையவில்லை. அவ்வளவு மெல்லிசு ரப்பர் எதைத் தாங்கும்? உள்ளங்கையில் கரி பூசினாற்போல் கறுப்பு வேறு. இரண்டு வாரத்தில் கழற்றிப் போட்டேன்.

அடுத்தது ஸ்பாஞ்ச். லாரன்ஸ் ரோட்டில் ஒரு ஸ்பேர்ஸ் கடையில் 180 ரூபாய். இருக்கிற கிரிப்பின் மேலேயே உறை மாதிரி மாட்டிக்கொள்ளலாம், எதையும் கழற்ற வேண்டாம் என்றார் கடைக்காரர். முதல் வாரம் சொர்க்கம். கன்னியக்கோயிலில் பெட்ரோல் போட நிறுத்துகிற இடத்தில் (புதுச்சேரி எல்லைக்குள் விலை குறைவு, கடலூர்க்காரன் எவனும் ஊர்ப் பக்கம் டேங்க்கை நிரப்ப மாட்டான்) கையை உதறவே தோன்றவில்லை. வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

ஆவணியில் ஒரு சாயங்காலம் மழை பிடித்தது. ஸ்பாஞ்ச் தண்ணீரைக் குடித்துவிட்டு, நான் ஒவ்வொரு முறை கிளட்ச் பிடிக்கும்போதும் அதைச் சட்டைக் கைக்குள் துப்பியது. மறுநாள் காலையிலும் ஈரம். மூன்றாம் நாள் ஊறின கோணி நாற்றம். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். மாதக் கடைசியில் புதிதாக ஒரு வலி வந்தது, முன்கையில், முழங்கைக்குச் சற்றுக் கீழே. துணி பிழிந்த கை மாதிரி கடுக்கும். கிரிப் தடித்துப் போனதால் கிளட்ச் லிவர் விரல் நுனிக்குத்தான் எட்டுகிறது என்பது அப்போது உறைக்கவில்லை.

உறைத்தது வேறு. நோணாங்குப்பம் பாலத்துக்கு முன்னால் ஒரு பஸ்ஸை முந்துகிறேன், எதிரே கார். ஆக்ஸிலேட்டரை முறுக்குகிறேன். கை சுற்றுகிறது, வண்டி வேகம் எடுக்கவில்லை. ஸ்பாஞ்ச் உறை மட்டும் பழைய கிரிப்பின் மேல் சுழல்கிறது! பிரேக் பிடித்துப் பஸ்ஸுக்குப் பின்னால் பதுங்கினேன். அன்று ராத்திரியே இரண்டையும் உரித்து எறிந்தாயிற்று. வலது பக்கத்துக்கு மேலுறை எதுவும் வேண்டவே வேண்டாம், ஸ்பாஞ்சானாலும் டியூப்பானாலும். இது ஒன்றில் மட்டும் நான் பிடிவாதம்.

மூன்றாவது ஜெல் கிரிப், ஆன்லைனில் 520 ரூபாய். மேலே ரப்பர், உள்ளே கொழகொழவென்று ஒரு அடுக்கு, தொட்டாலே பிடித்துப்போகும். பழையதைக் கழற்றிவிட்டு முறையாக மாட்டினேன். அப்போது மீட்டர் 65,500. மூன்று வாரம் ஓட்டியதில் வலது கை கொஞ்சம் தேவலை. இடது கையில் துளி மாற்றமில்லை. முன்கைக் கடுப்பும் அப்படியே. ஐந்நூற்று இருபது ரூபாய் என்பதால் நன்றாக இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இன்னும் ஒரு வாரம் ஓட்டினேன்.

எங்கள் தெருவில் ஒரு பிசியோதெரபி படித்த பெண் இருக்கிறாள். கேட்டைத் திறக்கும்போது நான் கையை உதறுவதைப் பார்த்துவிட்டு, "எந்த விரல்ண்ணா மரத்துப்போவுது?" என்றாள்.

எல்லாம்தான் என்றேன்.

"எல்லாமும் இருக்காதுண்ணா. நாளைக்கு வண்டியை விட்டு இறங்கினதும் ஒவ்வொரு விரலாத் தொட்டுப் பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல். இடது கையில் சுண்டுவிரலும் பக்கத்து மோதிரவிரலும். மூன்று மாதமாகக் கை கை என்று புலம்பினவனுக்கு இரண்டு கைக்கும் இரண்டு வேறு வியாதி என்று தெரிந்திருக்கவில்லை. அவள் சொன்னது இது: கட்டைவிரல் பக்கத்து மூன்று விரலுக்கும் போகிற நரம்பு மணிக்கட்டின் நடுவில் ஒரு குறுகலான வழியில் நுழைகிறது, மணிக்கட்டு மடங்கியே இருந்தால் அது நசுங்கும். சுண்டுவிரல் நரம்பு உள்ளங்கையின் வெளி ஓரத்து அடிமேட்டை ஒட்டிப் போகிறது, அந்த இடத்தில் அழுத்தமோ அதிர்வோ தொடர்ந்து பட்டால் அந்தப் பக்கம் மரக்கும். ராத்திரித் தூக்கத்தில் மரத்துப்போய் எழுப்பினாலோ, கையில் பிடித்த டம்ளர் நழுவினாலோ வண்டியைப் பார்க்காமல் டாக்டரைப் பாருங்கள் என்றும் சொல்லி அனுப்பினாள். நல்லவேளை, அந்த அளவுக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் கிரிப்பை அளந்தேன். நூலைச் சுற்றி, ஸ்கேலில் வைத்து, 3.14-ஆல் வகுத்தால் தடிமன் கிடைத்துவிடும். பழைய ரப்பர் 31 மில்லிமீட்டர். ஸ்பாஞ்ச் உறை போட்டபோது 44. ஜெல் 37. என் கை சின்னக் கை, பள்ளியில் கபடிக்குச் சேர்க்க மாட்டார்கள். பழைய ரப்பரைப் பிடித்தால் நடுவிரல் நுனி கட்டைவிரல் அடியைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. ஜெல்லில் இடையில் ஒரு விரல் நுழைகிற இடைவெளி. விரல் வளைந்து பூட்டிக்கொள்ள முடியாதபோது கை என்ன செய்யும்? இறுக்கிப் பிடிக்கும். மெத்தென்ற ரப்பர் உள்ளுக்குள் நெளிவதால் இன்னும் கொஞ்சம் இறுக்கும். இறுக்க இறுக்க அதிர்வு கைக்குள் அதிகமாக ஏறும், முன்கைத் தசையும் ஓயாமல் வேலை செய்யும். சுகத்துக்கு வாங்கிய சாமான்தான் கையைக் கசக்கிக்கொண்டிருந்திருக்கிறது. இதே ஜெல் கிரிப்பைக் கடையில் கூட வேலை பார்க்கிற ஆறடித் தம்பிக்குக் கொடுத்தேன். அவன் இன்றைக்கும் எனக்கு டீ வாங்கித் தருகிறான்.

ஆக, 31-க்கும் 33-க்கும் நடுவில் சாதாரண ரப்பர், ரொம்ப மென்மையாகவும் வேண்டாம், குறுக்கே மெல்லிய வரி இருக்கட்டும் என்று தேடல் சுருங்கியது. வாங்கப் போனபோது எங்கள் மெக்கானிக் அண்ணனையும் பார்த்துவிட்டு வரலாம் என்று வண்டியை நிறுத்தினேன். அவர் கிரிப்பைப் பார்க்கவே இல்லை. ஹேண்டில் பாரின் இடது முனையைப் பார்த்து, "இந்தப் பக்கத்துக் குண்டு எங்க சார்?" என்றார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஸ்டாண்டிலிருந்து வண்டி சாய்ந்தபோது இடது முனையில் இருந்த இரும்புக் குண்டு உடைந்து போனது. அது அழகுக்கு வைத்தது என்று நினைத்து ஒரு பிளாஸ்டிக் மூடியைச் செருகிவிட்டு மறந்துபோயிருந்தேன். அழகுக்கு இல்லையாம். நான் போகிற வேகத்தில் ஆர்.பி.எம். முள் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டுவது) 5,000-இல் நிற்கும். அப்படியென்றால் பிஸ்டன் ஒரு நொடிக்கு 83 தடவை ஏறி இறங்குகிறது. ஹேண்டில் பார் ஒரு வெற்றுக் குழாய், அதற்கென்று ஒரு சொந்த அதிர்வு உண்டு. இன்ஜின் அதிர்வு அதோடு ஒத்துப்போனால் குழாய் மணி மாதிரி ரீங்காரம் போடும். முனையில் கனத்தைச் சேர்த்தால் அந்தச் சொந்த அதிர்வு கீழே இறங்கிவிடும், நாம் வழக்கமாக ஓட்டும் வேகத்தில் இரண்டும் சந்திக்காது. வலது முனையில் கனம், இடது முனையில் பிளாஸ்டிக். சுண்டுவிரல் மரத்தது எந்தக் கை என்று மேலே சொல்லிவிட்டேன். ஜோடி குண்டு 150 ரூபாய்.

மாட்டிய கதையைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், நான் இரண்டு தடவை சொதப்பினேன். வாங்கும் முன் ஹேண்டில் பாரின் விட்டம் பார்க்க வேண்டும். நம் ஊர்ச் சாதாரண வண்டிகள் பெரும்பாலும் முக்கால் இஞ்சுக்குக் கொஞ்சம் மேல், 22 மில்லிமீட்டர். சில பெரிய க்ரூஸர் வண்டிகளில் ஒரு இஞ்ச், அதற்கு இது ஏறாது. வலது கிரிப்பின் ஓட்டை இடதைவிடப் பெரிது, ஏனென்றால் அது குழாயின் மேல் சுற்றுகிற பிளாஸ்டிக் ஆக்ஸிலேட்டர் பைப் மேல் உட்கார வேண்டும். முதல் தடவை அவசரத்தில் வலதை இடதில் ஏற்றிவிட்டு, ஏன் இவ்வளவு லொடலொடவென்று இருக்கிறது என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன். குண்டு மாட்ட வேண்டுமென்றால் முனையில் துளை உள்ள கிரிப்பாகக் கேட்டு வாங்க வேண்டும்.

கழற்றுவதற்கு இடது பக்கம் பிளேடு போட்டுக் கீறி உரிக்கலாம். வலது பக்கம் கீறினால் அடியில் உள்ள பிளாஸ்டிக்கில் வெட்டு விழும். அதற்குப் பஞ்சர் கடைக் காற்றுதான். கிரிப்பின் ஓரத்தை மெல்லத் தூக்கிக் காற்றை விட்டால் ரப்பர் பலூன் மாதிரி உப்பி வழுக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. இடது ரப்பரை உரித்ததும் அடியில் குழாய் முழுக்கத் துரு. கடல் காற்று ஊர், வேர்வை உப்பு வேறு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெட்ரோல் துணியால் துடைத்துக் காயவிட்டேன்.

ஏற்றும்போது வழுக்கலுக்கு எண்ணெயோ துரு நீக்கும் ஸ்பிரேயோ அடிக்கவே கூடாது. அது காயாது, கிரிப் காலம் பூராவும் சுற்றிக்கொண்டே இருக்கும். என் இரண்டாவது சொதப்பல் இதுதான், கழற்றித் துடைத்து மறுபடி முதலிலிருந்து. மெக்கானிக் அண்ணன் தலைக்கு அடிக்கிற ஹேர் ஸ்பிரே கொண்டு வரச் சொன்னார். ஈரமாக இருக்கும்போது வழுக்கும், காய்ந்தால் பசை. மகளுடையதை எடுத்துக்கொண்டு போனதற்கு வீட்டில் தனி விசாரணை நடந்தது. ஒரு ராத்திரி முழுக்க வண்டியைத் தொடாமல் காயவிட்டேன்.

வலது கிரிப் சுவிட்ச் பெட்டியையும் முட்டக் கூடாது, முனைக் குண்டையும் உரசக் கூடாது. இரண்டு பக்கமும் ஒரு மில்லிமீட்டராவது இடம் வேண்டும். முறுக்கி விட்டால் ஆக்ஸிலேட்டர் டக்கென்று தானே திரும்ப வேண்டும். அப்புறம் இன்ஜினை ஓடவிட்டு ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பிப் பார்த்தேன், ரேஸ் ஏறவில்லை. அதன் பிறகே தெருவில் இறக்கினேன்.

வலது கை மரப்புக்குக் காரணம் ரப்பரும் இல்லை, குண்டும் இல்லை. நான் ஆக்ஸிலேட்டர் மூடியிருக்கும்போது பிடித்து, அப்படியே கீழே முறுக்கிக்கொண்டு 22 கிலோமீட்டரும் மணிக்கட்டை மடக்கி வைத்திருந்தேன். இப்போது ஓடுகிற வேகத்துக்கு வந்ததும் கையை லேசாக எடுத்து மேலிருந்து மறுபடி பிடிக்கிறேன், மணிக்கட்டு நேராகிவிடுகிறது. பிரேக், கிளட்ச் லிவர் இரண்டையும் நட்டைத் தளர்த்திக் கொஞ்சம் கீழே சாய்த்து, முன்கைக்கு நேர்கோட்டில் வைத்தேன். டிஸ்க் பிரேக் என்பதால் அந்தப் பக்கம் ஆயில் டப்பா ரொம்பச் சாயாமல் பார்த்துக்கொண்டேன். கிளட்ச் கேபிளுக்குள் நாலு சொட்டு எண்ணெய். இதற்கெல்லாம் ஆன செலவு பூஜ்யம்.

இன்று மீட்டர் 68,000. ஐப்பசி மழை முழுக்க இதே ரப்பரில் போய் வந்தாயிற்று, கையை வைத்து அழுத்தினால் தண்ணீர் வருவதில்லை. முன்கைக் கடுப்பு போய்விட்டது. இடது சுண்டுவிரல் வாரத்தில் ஒரு நாள், அதுவும் தவளக்குப்பம் தாண்டின பிறகு, லேசாக நினைவூட்டும். ரப்பர் கிரிப் 190 ரூபாய். மொத்தக் கணக்கு 1,040, அதில் தேவைப்பட்டது 340. ஹேர் ஸ்பிரே டப்பா இன்னும் திருப்பித் தரவில்லை.