கெரிட் ஸால்ம்: நிதியமைச்சர் வங்கித் தலைவரான கதையைத் தேர்வுக்கு எப்படிப் படிப்பது

பொது நிதி, ஐரோப்பியப் பொருளாதாரம், நிறுவன நிர்வாகம் ஆகிய தாள்களில் ‘அரசியலிலிருந்து வணிகத்துக்குப் போனவர்’ என்று ஒருவரை எடுத்துக் கேஸ் ஸ்டடி எழுதச் சொன்னால், நெதர்லாந்தின் கெரிட் ஸால்மைத் தயங்காமல் எடுக்கலாம். அமைச்சராக அவர் வகுத்த விதியும் வங்கித் தலைவராக அவர் நடத்திய நிறுவனமும் எண்களோடு பொதுவெளியில் கிடைக்கின்றன. அதனால் கருத்தை மட்டும் சொல்லி நிறுத்தாமல் கணக்குக் காட்டியே எழுத முடியும்.

பல விடைகள் மதிப்பெண் இழப்பது பயோடேட்டா போல எழுதுவதால்தான். 1952-இல் எங்க்ஹாய்சனில் பிறந்தார், ஆம்ஸ்டர்டாம் விரைஹ பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தார் என்பதற்கு ஒரு வரி போதும். இளமையில் தொழிற்கட்சியில் இருந்து பிறகு தாராளவாதிகளின் விவிடி கட்சிக்கு வந்ததற்கு இன்னொரு வரி. 1989 முதல் 1994 வரை அவர் வகித்த மத்தியத் திட்டமிடல் அலுவலக இயக்குநர் பதவியை மட்டும் விடாதீர்கள். பெயரில் திட்டமிடல் இருந்தாலும் அது பொருளாதார முன்கணிப்பு செய்யும் அமைப்பு. கணிப்புகள் எவ்வளவு தவறும் என்பதை உள்ளிருந்து பார்த்தவர் என்ற இந்தப் பின்னணி இல்லாமல், பின்னாளில் அவர் போட்ட விதியை விளக்க முடியாது.

அமைச்சர் காலத்தைத் தொடர்ச்சியாக எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. அது இரண்டு தவணை. முதலாவது 1994 ஆகஸ்ட் முதல் 2002 ஜூலை வரை, பிரதமர் விம் கோக்கின் இரு அமைச்சரவைகளில். இரண்டாவது 2003 மே முதல் 2007 பிப்ரவரி வரை, பால்கனெண்ட பிரதமராக இருந்தபோது. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 11 ஆண்டு 8 மாதம். இடைவெளியில் அவர் கட்சித் தலைவர். 2002 மே தேர்தலில் 38 இடத்திலிருந்து 24-க்குச் சரிந்த விவிடி, 2003 ஜனவரியில் அவர் தலைமையில் 28 பெற்றது.

இனி முக்கியமான பகுதி: ‘ஸால்ம் விதி’. ஆட்சி தொடங்கும்போதே நான்கு ஆண்டுகளுக்கும் செலவு உச்சவரம்பு குறிக்கப்படும். மத்திய அரசு, சமூகப் பாதுகாப்பு, மருத்துவம் என மூன்று பிரிவுக்கும் தனித்தனி வரம்பு. விலைவாசி ஏறினால் அதற்கேற்ப வரம்பும் ஏறும். வளர்ச்சி எவ்வளவு இருக்கும் என்பதை வேண்டுமென்றே குறைவாக வைத்துக்கொள்வார்கள்; 1994-இல் அது 2 சதவீதம். வரவும் செலவும் பிரிக்கப்பட்டிருக்கும் என்பதே இதன் உயிர்நாடி. வரி கூடுதலாக வந்தாலும் அமைச்சகங்கள் அதைத் தொட முடியாது.

விடைத்தாளில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். உச்சவரம்பு 100, எதிர்பார்க்கும் வரவு 98, ஆகவே பற்றாக்குறை 2. வளர்ச்சி வேகமாகி வரவு 101 ஆகிறது. கூடுதலாக வந்த 3 பற்றாக்குறையை அடைக்கப் போகும், அல்லது முன்பே ஒப்புக்கொண்டபடி வரிக்குறைப்புக்குப் போகும். பழைய முறையில் அமைச்சர்கள் பங்கு கேட்டு நிற்பது இந்தத் தொகைக்குத்தான்.

இதோடு நிறுத்தினால் பாதி விடைதான். வேலை பெருகியதால், அந்த 100-க்குள் 10 என்று ஒதுக்கியிருந்த வேலையின்மை உதவித்தொகை 8 ஆகக் குறைகிறது. மொத்தச் செலவு 98. மிச்சமான 2 வரம்புக்கு உள்ளே இருப்பதால் அதை வேறு எதற்கும் செலவிடலாம். செலவிடாவிட்டால் உபரி 3, செலவிட்டால் 1. மந்தநிலையில் இது தலைகீழாகும். உதவித்தொகை 12 ஆனால் வேறு எங்காவது 2 வெட்ட வேண்டும், அதுவும் மக்கள் கஷ்டப்படும் நேரத்தில். வரவுப் பக்கம் பொருளாதாரத்தின் ஏற்ற இறக்கச் சுழற்சியைத் தணிக்கும் விதி, செலவுப் பக்கம் அதைக் கூட்டுகிறது. இந்தக் குறையை எழுதுபவர் விதியைப் புரிந்துகொண்டவர் என்று திருத்துபவருக்குத் தெரிந்துவிடும்.

பலனைச் சொல்லும்போது அளவோடு சொல்ல வேண்டும். 1990-களின் நடுவில் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 70 சதவீதத்துக்கு மேலிருந்த அரசுக் கடன், 2002 வாக்கில் 50 சதவீதத்தை ஒட்டி வந்தது. முழுப் புகழையும் விதிக்கே கொடுத்துவிடாதீர்கள். அந்தக் காலம் நல்ல வளர்ச்சிக் காலம். 2000-இன் உபரியில் மூன்றாம் தலைமுறை அலைக்கற்றை ஏலத்தில் ஒரே தடவை கிடைத்த சுமார் 270 கோடி யூரோவும் இருக்கிறது. இன்னொன்றையும் நேர்மையாகச் சேர்க்க வேண்டும். பற்றாக்குறை உற்பத்தியில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றிய விதி. 2003 நவம்பரில் அதை மீறிய ஜெர்மனி, பிரான்ஸ் மீதான பற்றாக்குறை நடவடிக்கையை ஐரோப்பிய நிதியமைச்சர்கள் நிறுத்திவைத்தபோது கடுமையாக எதிர்த்தவர் ஸால்ம். அதே 2003-இல் நெதர்லாந்தின் பற்றாக்குறையும் 3 சதவீதத்தைத் தாண்டியது. 2004-இல் அந்த நாட்டின் மீதும் நடவடிக்கை தொடங்கி 2005-இல் முடிந்தது.

வணிகப் பகுதியில் தேதி தவறினால் வாதமே கவிழ்ந்துவிடும். ‘ஏபிஎன் ஆம்ரோ வங்கியை நாட்டுடைமையாக்கிவிட்டு அதற்கே தலைவரானார்’ என்று எழுதுகிறார்கள். இது தவறு. 2007 பிப்ரவரியில் அவர் அமைச்சர் பதவியிலிருந்து போய்விட்டார். ஃபோர்டிஸ் என்ற நிதிக் குழுமத்தின் நெதர்லாந்துப் பகுதியை, அதன் கையிலிருந்த ஏபிஎன் ஆம்ரோ பங்கோடு, அரசு வாங்கியது 2008 அக்டோபர் 3 அன்று. வாங்கியவர் தொழிற்கட்சி நிதியமைச்சர் வவுட்டர் போஸ். ஸால்மைத் தலைமைக்கு அழைத்தவரும் அவரே, அதாவது எதிர் முகாமைச் சேர்ந்தவர்.

இடையில் டிஎஸ்பி வங்கி வருகிறது. சங்கடமான பகுதி என்று பலர் தாண்டிப் போவது இதைத்தான். 2007-இல் அங்கே தலைமைப் பொருளாதார வல்லுநராகச் சேர்ந்து பிறகு நிதிப் பொறுப்பை ஏற்றார். 2008 இறுதியில் விலகினார். கடன் வாங்குவோரிடம் மொத்தப் பிரீமியத்தையும் முதலிலேயே பிடிக்கும் காப்பீட்டையும் சேர்த்து விற்றது அந்த வங்கியின் மீதான முக்கியக் குற்றச்சாட்டு. 2009 அக்டோபரில் பணத்தை எடுங்கள் என்று தொலைக்காட்சியில் அழைப்பு வந்ததும் வைப்பாளர்கள் குவிந்தனர். அக்டோபர் 19-இல் வங்கி திவாலானது. பிறகு ஸால்மின் தகுதி பற்றிச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான ஏஎஃப்எம் குறை கண்டது. மத்திய வங்கியோ அவர் ஏபிஎன் ஆம்ரோ தலைவர் பதவியில் தொடரலாம் என்றது. இரண்டு கருத்தையும் எழுதி, வாடிக்கையாளர் நலனையும் வங்கியின் உறுதியையும் இரு அமைப்புகள் தனித்தனியே பார்க்கும் நாட்டில் இப்படிப் பிளவு வருவது இயல்பு என்று விளக்கினால் கேஸ் ஸ்டடி உயிர் பெறும்.

ஏபிஎன் ஆம்ரோ பகுதியில் இரண்டு எண்கள் குழப்பும். 2008-இல் அரசு கொடுத்த விலை 1,680 கோடி யூரோ; அதில் காப்பீட்டுப் பிரிவும் அடக்கம். 2015 நவம்பர் 20 பங்கு வெளியீட்டில் ஒரு பங்கு 17.75 யூரோ, மொத்தம் 94 கோடி பங்குகள், ஆக வங்கியின் மதிப்பு சுமார் 1,670 கோடி யூரோ. இரண்டும் ஒட்டியிருப்பதால் ‘போட்ட பணம் திரும்பிவிட்டது’ என்று எழுதிவிடுகிறார்கள். அன்று விற்றது ஏறக்குறைய 23 சதவீதம். கையில் வந்தது சுமார் 380 கோடி. அதோடு 2008-க்குப் பிறகும் அரசு மூலதனம் போட்டிருந்தது. ஆங்கில நூல்களிலிருந்து எண் எடுக்கும்போது ஒரு பில்லியன் நூறு கோடி என்பதை விடைத்தாளின் ஓரத்தில் குறித்துவைத்துக்கொண்டு மாற்றுங்கள். ஒரு சுழி தவறினால் கணக்கு முழுதும் போய்விடும்.

நெறிமுறைக் கேள்வி வந்தால் 2015-இன் சம்பளச் சர்ச்சையை எடுங்கள். அரசின் கையிலிருந்த ஏபிஎன் ஆம்ரோவின் நிர்வாகக் குழுவில் ஆறு பேருக்கு ஆளுக்கு 1 லட்சம் யூரோ உயர்வு. ஸால்முக்கு அது இல்லை. எதிர்ப்பு வெடித்ததும் அவர்கள் அதை விட்டுக்கொடுத்தனர், பங்கு வெளியீடும் தள்ளிப்போனது. 2016 முடிவில் பதவியை விட்ட ஸால்ம், 2017-இல் கூட்டணிப் பேச்சை நடத்திக்கொடுக்கும் பொறுப்பில் அரசியலுக்குள் மீண்டும் வந்தார். பிரதமர் மார்க் ருட்டவின் மூன்றாவது அமைச்சரவை அதிலிருந்து பிறந்தது. பத்து மதிப்பெண் விடையில் இதற்கு ஒரு வரிக்கு மேல் கொடுக்காதீர்கள்.