எல்லாம் போயிருச்சுன்னு நெனச்சேன், உள்ள மிச்சம் இருந்துச்சு

எனக்கு கர்ப்பம் ஒன்பதாவது வாரம். காலைல லேசா ரத்தம் பட்டுது, சாயங்காலத்துக்குள்ள மூத்தவன் பொறந்தப்ப வந்த மாதிரியே இடுப்ப புடிச்சு இழுத்து கட்டி கட்டியா ரத்தம் போயி கரு கலைஞ்சிருச்சு, அழுது தீர்த்து மறுநாள் படுத்தே கெடந்தேன். அத்தை பாவம், கருப்பட்டியும் பெருங்காயமும் உருட்டி குடுத்து "தானா வந்துட்டா உடம்பு சுத்தமாயிரும் கண்ணு"ன்னாங்க. நானும் நம்பிட்டேன், வலி கொறஞ்சதால ஸ்கேன் பார்க்கணும்னே தோணல.

ஆனா அஞ்சாம் நாள், ஆறாம் நாள்னு படுறது நிக்கவே இல்ல, கொறையிற மாதிரி கொறஞ்சு திரும்ப கட்டியா வரும், அடிவயிறு சுருட்டி புடிக்கும். எட்டாம் நாள் ஒரு வாடை. மாசாமாசம் வர்ற வாடை இல்ல, ஏதோ அழுகின மாதிரி, வெக்கப்பட்டுக்கிட்டு அவர்கிட்ட கூட சொல்லல, அங்கதான் தப்பு பண்ணேன். அன்னிக்கு ராத்திரி குளிர் தூக்கி போட்டுச்சு, காய்ச்சல் 101. விடியறதுக்குள்ள ஒரு மணி நேரத்துக்கு ரெண்டு நாப்கின் முழுசா நனைஞ்சுது, அடுத்த மணி நேரமும் அப்படியே, எந்திரிச்சா கண்ணு இருட்டுது. அவர் 108க்கு போன் பண்ணிட்டாரு.

டூட்டி டாக்டர் மொதல்ல கேட்டதே "மணிக்கு எத்தன பேடும்மா, முழுசா நனையுதா"ன்னுதான். கலைக்க மாத்திரை ஏதாச்சும் போட்டியான்னும் கேட்டாங்க, சுருக்குனு இருந்துச்சு, ஆனா வைத்தியம் பண்ண அது தெரியணும்னாங்க, கருப்பட்டி வரைக்கும் எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஸ்கேன்ல கருவோட துண்டு உள்ள ஒட்டிட்டு இருந்துச்சு, அது இருக்கிற வரைக்கும் கர்ப்பப்பை நல்லா சுருங்காது, ரத்தமும் நிக்காதாம். கிருமி இல்லன்னா சிலருக்கு காத்திருந்து பார்க்கலாம், இல்லன்னா மாத்திரை குடுப்பாங்களாம், எனக்கு காய்ச்சலும் ரத்தப்போக்கும் இருந்ததால ஆன்டிபயாடிக் ஏத்திட்டு அன்னிக்கே மயக்க மருந்து குடுத்து வேக்குவம் வெச்சு எடுத்துட்டாங்க. கால் மணி நேரம் கூட ஆகல. ஹீமோகுளோபின் 7.4, ஒரு யூனிட் ரத்தம் ஏறுச்சு.

இன்னொண்ணு, எனக்கு ஓ நெகட்டிவ். மூத்தவனுக்கு அப்புறம் போட்ட ஆன்டி-டி ஊசிய (நெகட்டிவ் குரூப் அம்மாவோட உடம்பு அடுத்த கருவோட ரத்தத்த எதிர்க்காம இருக்க போடுறது) கரு கலைஞ்சாலும் 72 மணி நேரத்துக்குள்ள போடணுமாம், எனக்கு இது தெரியவே தெரியாது. லேட்டானாலும் பரவால்லன்னு போட்டு விட்டாங்க. நெகட்டிவ் குரூப்காரங்க தயவு செஞ்சு இத வாய்விட்டு சொல்லுங்க, அவங்களா கேப்பாங்கன்னு இருக்காதீங்க.

எடுத்தத லேப்புக்கு அனுப்பி முத்துப்பிள்ளை கர்ப்பம் (கரு சரியா வளராம திராட்சக் கொத்து மாதிரி நீர்க்கட்டியா ஆகுறது) இல்லன்னு ரிசல்ட் வந்தப்பதான் மூச்சு வந்துச்சு. டிஸ்சார்ஜ் அட்டைய ஆபீஸ்ல குடுத்தேன், சட்டத்துல கரு கலைஞ்சாலும் 6 வாரம் சம்பளத்தோட லீவு இருக்கு, எச்ஆர்ல இருந்த பொண்ணுதான் எடுத்து காட்டுச்சு.

நாலாவது வாரம் வீட்லயே கர்ப்ப டெஸ்ட் பண்ணேன், ஒரே கோடு, நெகட்டிவ். அஞ்சாவது வாரம் நாள் வந்துச்சு. அத்தை தெனமும் "எத்தன பேடு மாத்துன கண்ணு"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க.