டியூக்கின் முதல் பத்து ஆட்டங்கள்: தடுப்பு தேறிவிட்டது, கடைசி நான்கு நிமிடங்கள் தேறவில்லை

2024 நவம்பர் 4ஆம் தேதி மெய்ன் அணியை 96–62 என்று வென்று பருவத்தைத் தொடங்கிய டியூக் பல்கலைக்கழக ஆடவர் கூடைப்பந்து அணி, டிசம்பர் 10ஆம் தேதி இன்கார்னேட் வேர்ட் அணியை 72–46 என்று வென்றதோடு பத்து ஆட்டங்களை முடித்திருக்கிறது. எட்டில் வெற்றி, இரண்டில் தோல்வி. பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இது நல்ல தொடக்கம் என்றுதான் தோன்றும். ஆனால் ஆட்டங்களை முழுமையாகப் பார்த்த எனக்கு இரண்டு செய்திகள் ஒன்றாகவே தெரிகின்றன: அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் இந்த ஆண்டு மிகச் சிறப்பாகத் தடுத்து ஆடும் அணிகளில் டியூக்கும் ஒன்று, அதே அணி, புள்ளிகள் நெருங்கி நிற்கும் கடைசி நான்கு நிமிடங்களில் யாரிடம் பந்தைக் கொடுத்து என்ன செய்வது என்பதை இன்னும் முடிவு செய்துகொள்ளவில்லை.

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருந்துகொண்டு வட கரோலினாவின் ஒரு கல்லூரி அணியைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவானேன் என்று உறவினர்கள் கேட்கிறார்கள். இங்கே ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு என்றால் கால்பந்து, இல்லையென்றால் கிரிக்கெட் அல்லது ரக்பிதான். பள்ளி மைதானங்களில் காணப்படும் வளையங்களும் பெரும்பாலும் பெண்பிள்ளைகள் ஆடும் நெட்பாலுக்கு உரியவை, பின்பலகை இல்லாதவை. எனக்குக் கல்லூரிக் கூடைப்பந்தின் மீதான பற்று பழையது. ஆனால் இந்தப் பருவத்தில் அது இரட்டிப்பானதற்குக் காரணம் காமன் மலுவாச். தென் சூடானில் பிறந்து, உகாண்டாவில் வளர்ந்து, செனகலில் உள்ள என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) ஆப்பிரிக்கப் பயிற்சிக்கழகத்தில் தேறிய, ஏழடி இரண்டு அங்குல உயரமுள்ள பதினெட்டு வயது இளைஞர் அவர். டியூக்கில் காலடி வைக்கும் முன்பே 2023 உலகக் கோப்பையிலும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் தம் நாட்டு அணியில் இடம்பெற்றவர். ஆப்பிரிக்கக் கூடைப்பந்து லீகில் கோப்ரா ஸ்போர்ட், ஏஎஸ் டுவான், சிட்டி ஆயிலர்ஸ் என்ற மூன்று அணிகளுக்கு ஆடியவர். கடந்த மார்ச்சில் அந்த லீகின் ஒரு பிரிவு ஆட்டங்கள் பிரிட்டோரியாவில் நடந்தபோது நான் போயிருந்தேன். சிட்டி ஆயிலர்ஸ் கெய்ரோ பிரிவில் இருந்ததால் மலுவாச்சை நேரில் பார்க்கும் வாய்ப்பு கிடைக்கவில்லை. அந்தக் குறை இப்போது தொலைக்காட்சி வழியே தீர்ந்துவருகிறது.

அவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது, அவர் தொடாத பந்துகளைப் பற்றித்தான். எதிரணியின் கார்டு (பந்தைக் கொண்டுவரும் வெளிவட்ட ஆட்டக்காரர்) ஒருவர் தம்மைக் காப்பவரைத் தாண்டி வளையத்தை நோக்கி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வளையத்தருகே காத்து நிற்கும் உயரமான ஆட்டக்காரர்களான சென்டர்கள், இளையவர்களாக இருந்தால், பெரும்பாலும் உடனே துள்ளிவிடுவார்கள். எறிவது போலப் பாசாங்கு காட்டி அவர்களை ஏமாற்றிவிடலாம். மலுவாச் துள்ளுவதில்லை. இரண்டு கைகளையும் நேராக உயர்த்தியபடி, மார்பைக் காட்டிக்கொண்டு, சிறு அடிகளாகப் பின்வாங்குகிறார். பந்தோடு வருபவர் எறிவதா, கொடுப்பதா என்று தயங்குகிறார். அந்தத் தயக்கத்துக்குள் தாண்டப்பட்டவர் பின்னாலிருந்து வந்து சேர்ந்துவிடுகிறார். பந்து மறுபடியும் வெளிவட்டத்துக்கே போகிறது. முப்பது நொடிக் கடிகாரத்தில் பாதி கரைந்திருக்கிறது. இதற்கு எந்தப் புள்ளிவிவரப் பட்டியலிலும் இடமில்லை. ஆனால் நவம்பர் 22 அன்று டூசானில், அரிசோனா அணி தன் சொந்த அரங்கிலேயே 55 புள்ளிகளோடு நின்றுபோனதற்கு இதுவே பெரிய காரணம். வேகமாக ஓடி நிறையப் புள்ளி சேர்ப்பதற்குப் பெயர்பெற்ற அணி அது. டியூக் 69–55 என்று வென்ற அந்த ஆட்டத்தை இந்தப் பருவத்தின் மிக முதிர்ந்த ஆட்டமாக நான் மதிக்கிறேன். 84–78 என்று முடிந்த ஆபர்ன் வெற்றிக்கும் மேலாகவே அதை வைப்பேன்.

மலுவாச் ஒருவரால் மட்டும் தடுப்பு அமைந்துவிடாது. கடந்த ஆண்டு அணியிலிருந்து கைல் ஃபிலிப்பவ்ஸ்கியும் ஜாரெட் மெக்கெய்னும் என்பிஏவுக்குப் போனார்கள்; ஜெரமி ரோச், மார்க் மிச்சல் ஆகியோர் வேறு கல்லூரிகளுக்கு மாறினார்கள். பயிற்சியாளர் ஜான் ஷையர் தம் மூன்றாவது பருவத்துக்காக அணியை ஏறத்தாழ அடித்தளத்திலிருந்தே கட்ட வேண்டியிருந்தது. டூலேனிலிருந்து சயான் ஜேம்ஸ், சிரக்யூசிலிருந்து மலீக் பிரவுன், பர்டூவிலிருந்து மேசன் கில்லிஸ் என்று அவர் சேர்த்த மூன்று மூத்த ஆட்டக்காரர்களும் முதன்மையாகத் தடுப்புக்காகவும் நிதானத்துக்காகவும் வந்தவர்கள். இவர்களில் யார் களத்தில் இருந்தாலும், எதிரணி திரையிட்டு (காப்பவரின் வழியை உடலால் மறித்து) ஆளை மாற்றும்போது டியூக் கலங்குவதில்லை. ஆளுக்கு ஆள் மாறிக்கொண்டு அதே உறுதியோடு நிற்கிறார்கள். அதிலும் பிரவுனின் கைகள் அசாத்திய வேகம் கொண்டவை. பந்து கடந்துபோகும் பாதையை அது கிளம்பும் முன்பே கணித்துவிடுகிறார். உயரமான ஐவர் ஒருவர் இடத்தை மற்றவர் நிரப்பிக்கொண்டு நகர்வதைப் பார்க்கும்போது, ஷையரின் அணிகளில் இதுவரை இவ்வளவு ஒழுங்கான தடுப்பை நான் கண்டதில்லை என்றே சொல்வேன்.

இனி தோல்விகளுக்கு வருகிறேன். நவம்பர் 12ஆம் தேதி அட்லாண்டாவில் கென்டக்கியிடம் 77–72. நவம்பர் 26ஆம் தேதி லாஸ் வேகாசில், அப்போது தரவரிசையில் முதலிடத்தில் இருந்த கான்சாசிடம் 75–72. இரண்டு ஆட்டங்களும் நமக்கு விடியற்காலை நான்கு மணியளவில் தொடங்கியவை. இரண்டையும் அக்காள் மகனோடு உட்கார்ந்து பார்த்தேன். ஐந்து புள்ளி, மூன்று புள்ளி என்று நூலிழையில் போன தோல்விகள் என்பதால் இவற்றைத் துரதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிடுவோர் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. இரண்டிலும் ஒரே குறைதான் தென்பட்டது.

கென்டக்கி ஆட்டத்தில் டியூக்கின் புதுமுகம் கூப்பர் ஃபிளாக் 26 புள்ளிகளும், தவறிய எறிதல்களைக் கைப்பற்றும் ரீபவுண்டுகள் பத்துக்கு மேலும் எடுத்தார். இன்னும் பதினெட்டு வயது நிறையாத, வழக்கத்தைவிட ஓராண்டு முன்னதாகவே கல்லூரிக்கு வந்துவிட்ட ஒருவர், அந்த அரங்கில், அந்த எதிரணிக்கு எதிராக இப்படி ஆடியது வியக்கத்தக்கது. அதில் எனக்குத் துளியும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் 72–72 என்று நின்ற கடைசி நொடிகளில் நடந்ததைக் கூர்ந்து பார்க்க வேண்டும். பந்து ஃபிளாக்கிடம் போனது. மற்ற நால்வரும் மூலைகளுக்கு ஒதுங்கினார்கள். திரை போட யாரும் வரவில்லை. வளையத்தை நோக்கி யாரும் வெட்டி ஓடவில்லை. அவர் தனியாக உள்ளே நுழைந்தார்; ஒட்டேகா ஓவே பந்தைத் தட்டிப் பறித்தார்; எதிரணியின் தவறுக்காகத் தரப்படும் தடையற்ற தனி எறிதல்கள் கென்டக்கிக்குக் கிடைத்தன. அடுத்த முறையும் பந்து அதே கைக்குத்தான் போனது, மறுபடியும் இழப்புத்தான். "மாமா, அவன் கையில பந்து போனதும் மத்த நாலு பேரும் நம்மள மாதிரியே நின்னு பார்க்கிறாங்க" என்றான் அக்காள் மகன். நானும் அதையேதான் கவனித்துக்கொண்டிருந்தேன். பழியை அந்த இளைஞர் மீது போடுவது நியாயமாகாது. அவருக்கு வேறு வழி எதையும் அணி அமைத்துத் தரவில்லை என்பதே குறை.

கான்சாஸ் ஆட்டத்தில் வாய்ப்பு இன்னும் பெரியதாகக் கிடைத்தது. இரண்டாம் பாதியில் அவர்களுடைய சென்டர் ஹன்டர் டிக்கின்சன், கீழே விழுந்துகிடந்த மலீக் பிரவுனின் தலையில் உதைத்ததற்காக வெளியேற்றப்பட்டார். ஏழடிக்கு மேற்பட்ட மூத்த ஆட்டக்காரர் களத்தைவிட்டுப் போனபின் உள்வட்டம் டியூக்குக்கே உரியதாகியிருக்க வேண்டும். மாறாக, கான்சாஸ் உயரத்தைக் கைவிட்டு வேகத்தைக் கையில் எடுத்தது. டியூக்கும் அந்த வேகத்துக்கு ஏற்பவே தன்னை மாற்றிக்கொண்டது. தங்களிடம் இருக்கும் உயரத்தை வைத்து எதிரணியைத் தங்கள் போக்குக்கு இழுக்காமல், எதிரணி கிழித்த கோட்டில் நடந்தார்கள். வெளியிலிருந்து எறிந்து பார்ப்பதும், ஒருவர் தனியே உள்ளே நுழைவதும் தவிர மூன்றாவது வழி எதையும் நான் காணவில்லை.

அந்த மூன்றாவது வழி அணியிடமே இருக்கிறது. டைரீஸ் பிராக்டர் மூன்றாம் ஆண்டு மாணவர், சிட்னியிலிருந்து வந்தவர், பந்தை இழக்காமல் கொண்டுபோகத் தெரிந்தவர். அவர் பந்தோடு இருக்க, மலுவாச் மேலே வந்து திரை போட்டு, உடனே திரும்பி வளையத்தை நோக்கி உருண்டு ஓட வேண்டும். எதிரணி சென்டர் பிராக்டரை நோக்கி ஓரடி எடுத்துவைத்தால், வளையத்துக்கு மேலே தூக்கிப் போடும் பந்தை ஏழடி இரண்டு அங்குல மனிதரிடமிருந்து பறிக்க யாராலும் இயலாது. அவர் அடியெடுத்துவைக்காவிட்டால் பிராக்டருக்கு எறிய இடம் கிடைக்கும். மூலையிலிருக்கும் காப்பாளர் உதவிக்கு உள்ளே வந்தால், அங்கே கான் கனிப்பல் காத்திருப்பார். கையில் பந்து வந்த நொடியே எறியும் அவர் போன்ற புதுமுகம் இந்த ஆண்டு வேறு அணிகளில் அரிது. ஃபிளாக் எதிர்ப்பக்கத்தில் நின்றாலே போதும். அவரைக் காப்பவர் அவரை விட்டு நகரத் துணிய மாட்டார். முதல் பாதிகளில் இந்த ஆட்டமுறையை டியூக் எவ்வளவோ அழகாகச் செய்கிறது. கடைசி நிமிடங்களில் மட்டும் அதை மறந்துவிடுகிறது. பல சமயம் மலுவாச் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். சிறிய, வேகமான எதிரணியை வெளிவட்டத்தில் அவரால் துரத்த முடியாது என்று ஷையர் அஞ்சுவது எனக்குப் புரிகிறது. ஆனால் உயரமான சென்டர்களைக் கடைசியில் வெளியே அழைக்க வைக்கும் வழக்கமான குறையான தனி எறிதல் தடுமாற்றம் இவரிடம் இல்லை. அவருடைய கை மென்மையானது, எறியும் முறை நேரானது. அந்த இடர்ப்பாட்டை ஏற்று அவரை உள்ளே வைத்திருப்பதே சரி என்பது என் துணிபு.

டிசம்பர் 4ஆம் தேதி ஆபர்னை வென்றதில் ஒரு தெளிவும் கிடைத்தது, ஒரு மயக்கமும் பிறந்தது. அதுவரை தோல்வியே காணாத, தரவரிசையில் இரண்டாமிடத்தில் இருந்த ஆபர்ன் தொடக்கத்திலேயே முந்திக்கொண்டது. அப்போது அதிகம் களமிறங்கியிராத ஐசாயா எவன்ஸை ஷையர் அனுப்பினார். ஒல்லியான அந்தப் புதுமுகம் முதல் பாதியிலேயே ஆறு மூன்று புள்ளி எறிதல்களைப் போட்டு 18 புள்ளி சேர்த்தார். டியூக்கின் சொந்த அரங்கான கேமரனில் எழுந்த ஆரவாரத்தில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியின் ஒலியையே குறைக்க வேண்டியிருந்தது. நெருக்கடியில் புதியவரை நம்பிய பயிற்சியாளரின் துணிவு பாராட்டுக்குரியது. எவன்ஸ் இனி ஒவ்வோர் ஆட்டத்திலும் கணிசமான நேரம் பெற வேண்டும் என்பது தெளிவு. ஆனால் ஒருவர் ஒரு பாதியில் ஆறு முறை வெளியிலிருந்து போடுவது திட்டமாகாது. அது கைகூடாத இரவில் கென்டக்கி ஆட்டம்தான் திரும்பி வரும். அன்று வெளியிலிருந்து எறிந்த பந்துகள் எத்தனை முறை வளையத்தில் பட்டுத் திரும்பின என்பதைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

வோஃபோர்டை 86–35 என்று வென்றது போன்ற ஆட்டங்களைப் பற்றி எழுத எதுவும் இல்லை. லூயிவில்லில் 76–65 என்று வென்றது நல்ல வெற்றி, வெளியூரில் கிடைத்தது என்பதால் இன்னும் நல்லது.

இனி வரும் வாரங்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். டியூக் இருக்கும் ஏசிசி என்ற கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு இந்த ஆண்டு பலவீனமாக இருக்கிறது. டிசம்பர் 3, 4 தேதிகளில் ஏசிசி அணிகளும் மற்றொரு கூட்டமைப்பான எஸ்இசியின் அணிகளும் மோதிய 16 ஆட்டங்களில் எஸ்இசி 14இல் வென்றது. ஏசிசிக்குக் கிடைத்த இரண்டு வெற்றிகளில் ஒன்று டியூக்குடையது, மற்றொன்று கென்டக்கியை வென்ற கிளெம்சனுடையது. அப்படியென்றால் ஜனவரி முழுவதும் டியூக் பெரும்பாலான ஆட்டங்களைப் பத்து, பதினைந்து புள்ளி வித்தியாசத்தில் வெல்லக்கூடும். கடைசி நான்கு நிமிடங்களைப் பழகிக்கொள்ளும் வாய்ப்பே அமையாமல் போகவும் கூடும். 1991 முதல் 2015 வரை ஐந்து முறை தேசியப் பட்டம் வென்ற கல்லூரி இது. 2010இல் வென்ற அணியில் ஷையரே ஆடியவர். மார்ச் மாதத் தேசியத் தொடரில் ஓர் ஆட்டத்தில் தோற்றாலே பருவம் முடிந்துவிடும் என்பதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே டிசம்பர் 17ஆம் தேதி ஜார்ஜ் மேசனோடும், 21ஆம் தேதி, ஃபிளாக்கின் பதினெட்டாவது பிறந்தநாளன்று, ஜார்ஜியா டெக்கோடும் நடக்கும் ஆட்டங்களில் நான் புள்ளி வித்தியாசத்தைப் பார்க்கப்போவதில்லை. இருபது புள்ளி முன்னிலையில் இருந்தாலும் கடைசி நான்கு நிமிடங்களில் மலுவாச் களத்தில் நிற்கிறாரா, பந்து பிராக்டர் கையில் தொடங்குகிறதா, சயான் ஜேம்ஸுக்கு இன்னும் சில நிமிடங்கள் கூடுகின்றனவா என்பதைத்தான் பார்ப்பேன். 2025 பிப்ரவரி 22 அன்று நியூயார்க்கில் இல்லினாயைச் சந்திக்கும் முன் அதற்குப் போதுமான ஆட்டங்கள் இருக்கின்றன.