ஓரெஸ்டெஸை வளர்த்தவள்

மார்ச் 3, செவ்வாய்

பழைய கிரேக்க நாடகாசிரியர் எஸ்கிலஸின் ஒரெஸ்டியா என்ற மூன்று நாடகத் தொகுதியில் இரண்டாம் நாடகத்துக்கு வந்துவிட்டேன். கி.மு. 458இல் ஏதென்ஸில் முதல் பரிசு வாங்கிய தொகுதி. கணவனான ராஜா அகமெம்னானைக் கொன்ற கிளைடெம்னெஸ்ட்ராவைப் பழிவாங்க அவர்கள் மகன் ஓரெஸ்டெஸ் வேற்றூர்க்காரன் வேடத்தில் வருகிறான். "ஓரெஸ்டெஸ் செத்துப்போனான்" என்று பெற்றவளிடமே சொல்கிறான். அடுத்தது கொலைதான் என்று பக்கத்தைப் புரட்டினால், ஒரு கிழவி அழுதுகொண்டே வெளியே வருகிறாள். அவனை வளர்த்த செவிலி, கிலிஸ்ஸா. அடிமைப் பெண்.

மார்ச் 4, புதன்

அவள் பேசுவதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். ராஜா வீட்டு எழவில் இவள் பேசுவது மூத்திரத் துணியைப் பற்றி! துணியில் சுற்றிக் கிடக்கும் பிள்ளைக்குப் பேச்சு வராது. பசியா, தாகமா, மூத்திரம் வருகிறதா என்று நாம்தான் ஊகிக்க வேண்டும். அதன் வயிறு யார் பேச்சையும் கேட்காது. பல தடவை ஊகம் தப்பிப்போய் துணியை அலச வேண்டியதுதான். வெளுக்கிற வேலையும் வளர்க்கிற வேலையும் ஒரே கைக்கு. ராத்திரியில் அவன் வீறிட்டால் எழுந்து அலைந்தவளும் இவள்தான்.

இதைச் சிரிப்பு மூட்டும் காட்சி என்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெற்றவள் சோக முகம் காட்டி உள்ளுக்குள் சிரிக்கிறாள் என்று கிழவியே சொல்லிவிடுகிறாள். அந்த வீட்டுக்குள் நிஜமாக அழுபவள் இவள் ஒருத்திதான்.

மார்ச் 6, வெள்ளி

கதையின் முடிச்சே இவள் கையில் இருக்கிறது. கிளைடெம்னெஸ்ட்ரா இவளை அனுப்பியது தன் கள்ளக்காதலன் ஏகிஸ்தஸைக் கூட்டிவர. ஈட்டி ஏந்திய காவலர்களோடு வரச் சொல் என்பது உத்தரவு. மேடையில் கூட்டாகப் பாடிப் பேசும் குழுவான கோரஸில் இருக்கும் பெண்களும் அடிமைகள்தான். "அப்படிச் சொல்லாதே, தனியாக வரச் சொல்" என்கிறார்கள். ஓரெஸ்டெஸ் உயிரோடிருப்பதைக் கிழவியிடம் சொல்வதில்லை. உங்களுக்கு வேறு ஏதாவது தெரியுமா என்று கேட்கிறாள். போ, மற்றதைத் தெய்வம் பார்த்துக்கொள்ளும் என்று பதில் வருகிறது. சரி, போகிறேன் என்று கிளம்பிவிடுகிறாள். ஏகிஸ்தஸ் தனியாக வருகிறான், சாகிறான். அப்புறம் அவள் மேடைக்கே திரும்புவதில்லை. ஆயிரம் வரிக்கு மேல் போகும் நாடகத்தில் இவள் வரும் காட்சி ஏறத்தாழ 50 வரி.

மார்ச் 7, சனி

கிளைடெம்னெஸ்ட்ரா மகன் முன்னால் மார்பைக் காட்டி, நீ பால் குடித்த முலையடா, பார் என்று கெஞ்சும் இடம். அவன் தடுமாறுகிறான். கூட வந்த நண்பன் பிலாடெஸ் அதுவரை வாய் திறக்காதவன். மூன்றே வரி பேசி அவனை நிலைக்குக் கொண்டுவருகிறான். அந்த மூன்று வரியைத்தான் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். எனக்கோ கிழவிதான் நினைவுக்கு வந்தாள். துணி அலசியவளின் பேச்சைக் கேட்டபின் இந்தத் தாய்ப்பால் கணக்கை யார் நம்புவார்கள்? எஸ்கிலஸ் வேண்டுமென்றேதான் அவளை முன்னால் விட்டிருக்கிறார் என்பேன்.

மார்ச் 10, செவ்வாய்

அதே கதையை எஸ்கிலஸுக்குப் பின் வந்த நாடகாசிரியர் சோஃபக்ளீஸ் எழுதிய 'எலெக்ட்ரா'வைப் புரட்டினேன். செவிலியே இல்லை. தம்பி ஓரெஸ்டெஸின் சாம்பல் என்று நம்பிக் கலசத்தைக் கட்டிக்கொண்டு அழும் அக்கா எலெக்ட்ரா, இந்த வீட்டில் உன்னை வளர்த்தது வேறு யாருமில்லை, நான்தான் என்கிறாள். அழகான காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் இன்னொரு நாடகாசிரியர் யூரிபிடீஸும் தன் 'எலெக்ட்ரா'வில் பிள்ளையைக் காப்பாற்றிய பெருமையை ஒரு கிழவனுக்குக் கொடுத்துவிட்டார். மூத்திரத் துணியை மேடைக்குக் கொண்டுவரும் துணிச்சல் மூவரில் மூத்தவரான எஸ்கிலஸுக்குத்தான் இருந்திருக்கிறது.