வண்டல் வாரும் பணம்

மழை வெள்ளத்தைத் தேக்கி மெல்ல விடும் தடுப்புக் குளம் ஒன்றின் வாயில் ஓர் இரும்புத் தகடு பொருத்த இரண்டு ஆண்டுகள் ஆயின. தகட்டைச் செய்து மாட்டியது மூன்று நாள் வேலை. மீதி நாளெல்லாம் பணம் யார் கொடுப்பது என்ற பேச்சிலேயே போனது.

நீர்ப்பிடிப்புப் பகுதிகளைச் சீரமைக்க நிதி தேடித் தருவது என் வேலை. திட்ட அறிக்கை எழுதுவேன், மானியத்துக்கு விண்ணப்பிப்பேன், வந்த பணம் எதற்குச் செலவானது என்று சான்றிதழ் தயாரிப்பேன். நான் பொறியாளர் அல்ல. ஆனாலும் மழை என்றாலே இப்போது எனக்குக் கணக்குதான் ஓடுகிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஒரு ஹெக்டேர் தார்த்தளத்தில் 25 மி.மீ. பெய்தால் இரண்டரை லட்சம் லிட்டர். நல்ல மண்ணாக இருந்தால் அதில் பெரும்பங்கு உள்ளே இறங்கும். தாரில் ஏறக்குறைய அத்தனையும் ஓடும். எண்ணெய், டயர்த் தூள், குப்பை என்று வழியில் கிடப்பதையெல்லாம் அள்ளிக்கொண்டு ஓடும்.

அந்தக் குளம் பெருமழைக்காகக் கட்டப்பட்டது. வெளியேற்றும் குழாய் ஒரு சிறுவன் நுழைந்து போகும் அளவுக்குப் பெரியது. பெரிய வெள்ளத்தைப் பிடித்து மெல்ல விடும் வேலையை அது நன்றாகவே செய்தது. ஆனால் ஆண்டு முழுவதும் பெய்யும் மழைகளில் பெரும்பாலானவை சிறு மழைகள். அவை அந்த அகலமான குழாய் வழியே ஒரு நிமிடம்கூட நிற்காமல் ஓடைக்குப் போய்விடும். தரையைக் கழுவிக்கொண்டு முதலில் வரும் தண்ணீரில்தான் அழுக்கு அதிகம். ஆக, வெள்ளத்தைத் தடுத்த குளம் அழுக்கை அப்படியே வழியனுப்பிக்கொண்டிருந்தது.

எங்களோடு வேலை செய்த மூத்த பொறியாளர் சொன்ன தீர்வு எளிமையானது. குழாய் வாயை ஒரு தகட்டால் பாதி மறைத்து, அடியில் சிறு துளை விட வேண்டும். சிறு மழைத் தண்ணீர் ஒரு நாளாவது நின்று வடியும், வண்டல் படியும், வண்டலோடு ஒட்டி வந்து பாசியைப் பெருக்கும் பாஸ்பரஸும் தங்கும். பெருவெள்ளம் வந்தால் தகட்டின் மேலே வழிந்து வழக்கம்போலப் போகும். (இன்னொரு மாசான நைட்ரேட் கரைந்து வருவதால் இதற்கு மசியாது. அதற்குச் சேறும் நாணலும் உள்ள சதுப்பு வேண்டும்.)

வெள்ளத் தடுப்பு நிதியிடம் போனோம். "இது தண்ணீர் தரம் சம்பந்தப்பட்டது, எங்கள் தலைப்பில் வராது" என்றார்கள். தர மேம்பாட்டு நிதியிடம் போனோம். "இது வெள்ளத் தடுப்புக் கட்டுமானம், அதில் மாற்றம் செய்ய நாங்கள் பணம் தர முடியாது" என்றார்கள். இருவரும் விதிப்படிதான் பேசினார்கள். அதனால்தான் எனக்கு ஆற்றாமை கூடியது. ஒரே தண்ணீர், ஒரே குளம், இரண்டு கணக்குத் தலைப்புகள். நடுவில் இருந்த இடைவெளி வழியே ஓடை கெட்டுக்கொண்டிருந்தது.

கடைசியில் வழி திறந்தது உள்ளூர் நிர்வாகத்தின் கையில் சொந்தமாக இருந்த மழைநீர்க் கட்டணத்தால், அதாவது ஓடும் மழைநீரைச் சமாளிக்க இட உரிமையாளர்களிடம் வாங்கும் தொகையால். தொகை சிறியது. ஆனால் எந்தத் தலைப்புக்கும் கட்டுப்படாதது. பாதியை அது போட்டதும், மறுத்தவர்களில் ஒருவர் மீதியைத் தர முன்வந்தார். அன்று புரிந்துகொண்டதை இன்றும் எல்லோரிடமும் சொல்கிறேன்: உள்ளூரில் கொஞ்சமாவது சொந்தப் பணம் இல்லாமல் வெளிப்பணம் வராது, வந்தாலும் சரியான இடத்துக்குப் போகாது.

அந்தக் கட்டணத்தை எதை அளந்து விதிப்பது என்பதில் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் கடைகள், ஆலைகள் போன்றவற்றிடம் ஒரு காலத்தில் குடிநீர் மீட்டரின் அளவைப் பார்த்து மழைநீர்க் கட்டணம் வாங்கினார்கள். குழாய் இணைப்பே இல்லாத பெரிய வாகன நிறுத்துமிடம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. ஓடும் வெள்ளத்தில் அதன் பங்குதான் பெரிது! 2010 முதல் நிலப்பரப்பையும், தண்ணீர் இறங்காத தளத்தையும் அளந்து விதிக்கத் தொடங்கினார்கள். தளத்தைக் குறைத்தாலும் தண்ணீரைத் தன் இடத்திலேயே தேக்கினாலும் கட்டணம் குறையும். ஆனால் விளக்கிச் சொல்லாவிட்டால் எந்த நல்ல கட்டணமும் நிற்காது. அதே நாட்டின் மேரிலாந்து மாநிலத்தில் 2012-இல் வந்த இத்தகைய சட்டத்துக்கு எதிர்ப்பாளர்கள் வைத்த பெயர் 'மழை வரி'. அந்தப் பெயரே அதைச் சாய்க்கப் போதுமானதாக இருந்தது. கட்டணம் விதித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் 2015-இல் நீக்கப்பட்டது.

மேட்டு நிலத்து விவசாயி ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி வேறு வகை. ஓடைக்கரையில் ஒரு பட்டை நிலத்தை உழாமல் புல்லும் மரமுமாக விடச் சொல்லிப் போயிருந்தோம். "கீழே இருக்கிறவங்க வீட்டுல தண்ணி ஏறக் கூடாதுன்னா, என் நிலத்தை நான் எதுக்கு விடணும்?" என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் அவர் கேட்டது சரி. நியூயார்க் நகரம் அந்தக் கேள்விக்குப் பணத்தால் பதில் சொன்னது. 1997-இல், தன் குடிநீர் வரும் மேல்பகுதி ஊர்களோடு ஒப்பந்தம் செய்து, விற்க விரும்பியவர்களிடம் மட்டும் நிலம் வாங்கியது, கழிவுநீர்த் தொட்டிகளைச் சரிசெய்யச் செலவு செய்தது. பண்ணைகளில் சாணமும் உரமும் ஓடையில் கலக்காதிருக்கும் ஏற்பாடுகளுக்கும் அந்நகரம் பணம் தந்தது. பல நூறு கோடி டாலரில் வடிகட்டும் ஆலை கட்டுவதைவிட அது மலிவு. எங்கள் விவசாயிக்கு ஆண்டு வாடகை போல ஒரு தொகை தர ஏற்பாடு செய்ய எனக்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன. அவர் காத்திருந்தார்.

நான் செய்த பெரிய தவறையும் சொல்ல வேண்டும். ஓர் ஓடைச் சீரமைப்பில் வண்டல் பிடிக்கும் குட்டை ஒன்று இருந்தது. மானிய உச்சவரம்புக்குள் மதிப்பீட்டை அடக்குவதற்காகப் பராமரிப்புச் செலவை நானே அடித்துவிட்டேன். "அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றேன். எந்த மானியமும் கட்டுவதற்குத்தான் எளிதில் வரும், வாருவதற்கு வராது என்று தெரிந்தும் சொன்னேன். நான்கு ஆண்டுகளில் குட்டை நிரம்பியது. அடுத்த பெருமழையில், சேர்த்து வைத்த வண்டல் முழுவதும் ஒரே இரவில் கிளம்பி ஓடையில் இறங்கியது. மறுநாள் காலை கரையில் நின்று பார்த்தேன். தண்ணீர் காவி நிறத்தில், கெட்டியாக ஓடியது. குட்டையே கட்டாமல் இருந்திருந்தால் அந்தச் சேறு கொஞ்சம் கொஞ்சமாகவாவது போயிருக்கும்.

அதற்குப் பிறகுதான் தென் அமெரிக்காவில் ஈக்வடாரின் தலைநகரான கீட்டோவின் தண்ணீர் நிதியைப் பற்றி ஊன்றிப் படித்தேன். 2000-இல் தொடங்கிய அறக்கட்டளை நிதி அது. குடிநீர் நிறுவனம் தன் வருவாயிலிருந்து ஒரு பங்கைத் தொடர்ந்து அதில் போடுகிறது. முதல் தொகையைத் தொடாமல், அது ஈட்டும் வருவாயைக் கொண்டு மேட்டுப் புல்வெளிகளையும் ஊற்றுகளையும் காக்கும் வேலைகளை நடத்துவதுதான் ஏற்பாடு. தேர்தலோ நிதியாண்டோ மாறினாலும் அந்த ஓட்டம் நிற்பதில்லை. எங்களால் அந்த அளவுக்குச் செய்ய முடியவில்லை. மழைநீர்க் கட்டணத்தில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டு, அதை வண்டல் வாருவதற்கு மட்டுமே எடுக்கலாம் என்று தீர்மானம் போட வைத்தோம். புதுக் கட்டுமானத்துக்கு அதைக் கேட்டு வந்தவர்களிடம் நான் கடுமையாகவே பேசியிருக்கிறேன்.

தகடு பொருத்திய குளத்தில் இப்போது கோடு போட்ட கல்தூண் ஒன்று நிற்கிறது. மழைக்காலம் முடிந்ததும் பணியாளர் ஒருவர் இறங்கி, வண்டல் எந்தக் கோடு வரை ஏறியிருக்கிறது என்று எழுதி அனுப்புவார். பாதியைத் தொட்டால் வார வேண்டும். போன முறை பாதிக்கு நான்கு விரல் கீழே இருந்தது. அடுத்த ஆண்டுச் செலவில் அந்தத் தொகையை இப்போதே எழுதிவிட்டேன்.