மூன்று மாத இருமலும் இரைப்பையின் வாயிலும்

காவேரிப்பட்டணத்தை அடுத்த ஒரு கிராமத்தில் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். சென்ற ஆண்டு ஆகஸ்டில் எனக்கு வறட்டு இருமல் தொடங்கியது. காலையில் எழுந்தவுடன் குரல் கம்மியிருக்கும். முதல் பாடவேளை முடிவதற்குள் பத்து முறையாவது தொண்டையைச் செருமுவேன். விழுங்கினாலும் இறங்காத உருண்டை ஒன்று தொண்டையில் நிற்பது போலவே இருக்கும். சாக்பீஸ் தூசுதான் காரணம் என்று நானும் உடன் பணிபுரிவோரும் முடிவு செய்துகொண்டோம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னார்கள். சளியில் காசநோய்க் கிருமி இல்லை. மார்பு எக்ஸ்ரேயிலும் குறை ஏதும் தெரியவில்லை. அதன் பிறகு ஒவ்வாமை மாத்திரை, இருமல் மருந்து, உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பு என்று அக்டோபர் முடிந்தது.

இத்தனை நாளும் எந்த மருத்துவரிடமும் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நெஞ்சு கரிப்பதும், புளித்த ஏப்பம் வருவதும் எனக்கு ஏறக்குறைய பத்து ஆண்டுப் பழக்கம். அதை நோய் என்று நான் எண்ணியதே இல்லை. கரிப்பு மிகுந்தால் மருந்துக்கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வேன், அல்லது மாமியார் கலக்கித் தரும் ஆப்பசோடாத் தண்ணீரைக் குடிப்பேன். வயிற்றில் இருக்கும் கோளாறும் தொண்டையில் இருக்கும் இருமலும் ஒரே கயிற்றின் இரு முனைகள் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

தீபாவளிக்கு அடுத்த நாள் உறவினர்கள் வந்திருந்ததால் இரவு பத்தரை மணிக்குச் சாப்பிட்டு, பதினொரு மணிக்கெல்லாம் படுத்துவிட்டேன். நள்ளிரவு கடந்து ஒன்றரை மணியளவில், புளிப்பும் கசப்புமாகச் சுடுநீர் போன்ற ஒன்று தொண்டை வரை ஏறி மூச்சை அடைக்க, எழுந்து உட்கார்ந்து விடாமல் இருமினேன். இருமல் அடங்கியபோது நடுநெஞ்சில் எரிச்சலோடு கூடிய இறுக்கம் இருந்தது. கணவர் ஒரு கணமும் தாமதிக்காமல் கிருஷ்ணகிரிக்கு அழைத்துச் சென்றார். அங்கே இ.சி.ஜி. எடுத்து, இதயத் தசை பாதிக்கப்பட்டதா என்று அறியும் ரத்தப் பரிசோதனையைச் சில மணி நேர இடைவெளியில் இருமுறை செய்தார்கள். இரண்டும் சரியாக இருந்தன. வீண் அலைச்சலாகிவிட்டதே என்று நான் வருந்தியபோது, அந்த இளம் மருத்துவர், "அப்படி நினைக்காதீங்கம்மா. நெஞ்சுவலி வந்தா அது கேஸா, இதயமான்னு வீட்டுல உட்கார்ந்து யாராலும் சொல்ல முடியாது. நீங்க வந்ததுதான் சரி" என்றார். இதைப் படிப்பவர்கள் மற்ற எதை மறந்தாலும் அவர் சொன்ன இந்த வார்த்தைகளை மறக்கக் கூடாது என்று விரும்புகிறேன்.

அவர் சொன்னபடி, தருமபுரியில் இரைப்பை, குடல் நோய்களுக்கான மருத்துவர் ஒருவரைப் பார்த்தோம். நான் என்ன சாப்பிடுகிறேன் என்று அவர் முதலில் கேட்கவில்லை. எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறேன், எத்தனை மணிக்குப் படுக்கிறேன், குனிந்து வாசல் பெருக்கும்போது கரிப்பு கூடுகிறதா, இருமல் படுத்த பின் அதிகமாகிறதா என்றே கேட்டார். விழுங்கும்போது சோறு சிக்குகிறதா, காரணமில்லாமல் எடை குறைந்ததா, மலம் கறுத்துப் போனதா, ரத்த வாந்தி உண்டா என்றும் ஒவ்வொன்றாகக் கேட்டு, இல்லை என்ற என் பதிலைக் குறித்துக்கொண்டார். பிறகு ரத்த அழுத்தத்துக்கு என்ன மாத்திரை போடுகிறேன் என்றார். எனலாப்ரில் வகை மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைத் தரும் என்பதால் அதை விசாரித்திருக்கிறார். நான் போட்டுக்கொண்டிருந்தது அம்லோடிபின். அது இருமலைத் தராது. ஆனால் ரத்தக் குழாய்களைத் தளர்த்துவது போலவே இரைப்பையின் மேல்வாயிலில் உள்ள தசையையும் தளர்த்தக்கூடும் என்று விளக்கினார்.

அந்தத் தசைதான் அமில எதுக்களிப்பு எனப்படும் இந்த நோயின் மையம். உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் வளையம் போன்ற சுருக்குத்தசை ஒன்று இருக்கிறது. நாம் விழுங்கும்போது திறந்து, உணவு இறங்கியதும் இறுக மூடிக்கொள்வது அதன் வேலை. மூச்சு விடப் பயன்படும் உதரவிதானமும் அதே இடத்தைச் சுற்றிப் பிடித்து அதற்குத் துணை நிற்கிறது. இரைப்பை தன் அமிலத்தைத் தாங்கும் சளிப் பூச்சு உடையது. உணவுக்குழாய்க்கு அந்த அளவு பாதுகாப்பு இல்லை. ஆகவே இரைப்பையின் இந்த மேல்வாயில் வேளையல்லாத வேளையில் தளர்ந்தால், கீழே இருக்கும்போது தொல்லை தராத அதே அமிலம் மேலே ஏறியவுடன் புண்ணாக்குகிறது. அமிலம் அதிகம் சுரப்பதுதான் நோய் என்று நான் எண்ணியிருந்தது பெரும்பாலோர் விஷயத்தில் தவறு; அமிலம் இருக்கக் கூடாத இடத்துக்கு வருவதே நோய். வயிற்றுக் கொழுப்பு, இறுக்கிக் கட்டிய பாவாடை நாடா, கர்ப்பம், வயிறு முட்டச் சாப்பிடுவது ஆகியவை கீழிருந்து அழுத்துகின்றன. புகை, மது, மிகுந்த எண்ணெய்ப் பண்டம் ஆகியவை தசையைத் தளர்த்துகின்றன. மேலேறிய அமிலத்தின் நுண்துளிகள் குரல்வளையைத் தொடுவதாலும், உணவுக்குழாயின் அடியில் ஏற்படும் உறுத்தல் நரம்பு வழியாக இருமலைத் தூண்டுவதாலும் என்னைப் போன்றோருக்கு நோய் தொண்டையில் வெளிப்படுகிறது.

கேமரா பொருத்திய குழாயை இறக்கி உள்ளே படம் பார்க்கும் எண்டோஸ்கோப்பி என்றதும் எனக்கு அச்சமாகத்தான் இருந்தது. முந்தைய இரவு உணவுக்குப் பின் எதுவும் உண்ணாமல் காலையில் சென்றேன். தொண்டையில் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்தார்கள், கசப்பாக இருந்தது, சிறிது நேரத்தில் என் எச்சிலை நான் விழுங்குவதே எனக்குத் தெரியவில்லை. இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து, பற்களுக்கிடையே பிளாஸ்டிக் வளையம் ஒன்றைக் கடிக்கச் சொல்லி, சுண்டுவிரல் பருமனுள்ள கறுப்புக் குழாயை இறக்கினார்கள். இரண்டு முறை குமட்டியது. செவிலியர் என் தோளில் கை வைத்து, "மூக்கால மூச்சு விடுங்கக்கா, எச்சிலை விழுங்காம வழிய விட்டுடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்காது. உணவுக்குழாயின் அடிமுனையில் 5 மில்லிமீட்டரை விட நீண்ட சிவந்த கீறல்கள் இரண்டு இருந்தன. இரைப்பையின் மேற்பகுதி உதரவிதானத்தின் துளை வழியே சிறிதளவு மேலே நழுவியும் இருந்தது. அறிக்கையில் பி நிலை அழற்சி, அதாவது ஏ முதல் டி வரையிலான நான்கு நிலைகளில் இரண்டாவது, என்று எழுதியிருந்தார்கள். அப்படத்தைப் பார்த்த பிறகு, பத்து ஆண்டுகளாக இதை வெறும் வாயு என்று சொல்லி வந்ததை நினைத்து மனம் மிகவும் வருந்தியது.

பேன்டோபிரசோல் 40 மில்லிகிராம் எட்டு வாரம் எழுதித் தந்தார். இதே மாத்திரையை நான் முன்பே பலமுறை, சாப்பிட்ட பின், எரியும்போது மட்டும் போட்டிருக்கிறேன். உணவு வந்தவுடன் இரைப்பைச் சுவரில் அமிலத்தைச் சுரக்கும் பம்புகள் இயங்கத் தொடங்குகின்றன. அப்படி இயங்கும் பம்புகளைத்தான் இம்மருந்தால் அடைக்க முடியும். ஆகவே உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே அதைப் போட்டுக்கொண்டால்தான், உணவு வரும்போது அது ரத்தத்தில் தயாராக இருக்கும். மருந்து சரியானதாக இருந்தும் வேளை தவறியதால் வீணாகியிருக்கிறது. அம்லோடிபினுக்குப் பதிலாக டெல்மிசார்டானுக்கு மாற்றினார். ரத்த அழுத்த மாத்திரையைத் தாமாக ஒருநாளும் நிறுத்தக் கூடாது என்றும் எச்சரித்தார். ஆப்பசோடாவில் சோடியம் மிகுதி என்பதால் அதைக் கைவிடச் சொன்னார். மாமியாரிடம் இதை எடுத்துச் சொன்னபோது, "எனக்குத் தெரியாமப் போச்சேம்மா" என்று வருந்தியவர், மறுநாளிலிருந்து ஏழு மணிக்கே எனக்குத் தட்டு வைத்துவிடுகிறார்.

கேழ்வரகுக் களியை விட வேண்டும் என்று பலர் கூறினார்கள். நான் ஆறு வாரம் ஒரு நோட்டில் உண்டதையும் கரித்த நேரத்தையும் எழுதி வைத்தேன். ஏழு மணிக்குக் கீரைக் கடைசலோடு உண்ட களி ஒருநாளும் தொல்லை தரவில்லை. மாலை பஜ்ஜி, அதன் மேல் காபி, தக்காளியும் புளியும் கெட்டியாகக் கரைத்த குழம்பு ஆகிய மூன்றும்தான் என் நோட்டில் திரும்பத் திரும்ப வந்தன. வேறொருவருக்கு வேறு பட்டியல் இருக்கலாம். ஆகையால் பிறர் சொல்வதைக் கேட்டுப் பிடித்த உணவையெல்லாம் துறப்பதைவிட எழுதிப் பார்ப்பதே நல்லது என்பது என் கருத்து. உணவுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேர இடைவெளி விட்டேன். இடப்பக்கம் சாய்ந்து படுத்தேன். தலையணைகளை அடுக்கினால் இடுப்பு மடங்கி வயிறு இன்னும் அழுந்துகிறது என்பதால், தச்சரிடம் ஆறு அங்குல உயர மரக்கட்டைகள் இரண்டு செய்து வாங்கி, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் வைத்தோம்.

கரிப்பு பத்து நாளில் அடங்கியது. இருமல் அடங்க மேலும் இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. தொண்டை ஆற நாள் எடுக்கும் என்று முன்னரே கூறியிருந்ததால் பொறுத்திருந்தேன். மாத்திரையை மெல்லக் குறைத்து நிறுத்திய பின், முதல் இரண்டு வாரம் எரிச்சல் மீண்டும் தலைகாட்டியது. அடக்கி வைத்த சுரப்பு சிறிது காலம் மிகுந்து, பின் தானே தணியும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார், அவ்வாறே தணிந்தது. எடை நான்கு கிலோ குறைந்திருக்கிறது. இப்போது எப்போதாவது கரித்தால், அன்று என்ன நேரத்தில் சாப்பிட்டேன் என்று நோட்டைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடுகிறது.

நேற்று பாலக்கோட்டிலிருந்து அக்கா தொலைபேசியில் பேசினார். ஒரு மாதமாகச் சோறு நடுநெஞ்சில் நின்று இறங்குவதாகவும், சீரகத் தண்ணீர் குடித்து வருவதாகவும், ரவிக்கை தளர்ந்துபோனதாகவும் சொன்னார். மருத்துவர் என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு நான் இல்லை என்று பதில் சொன்னவற்றில் இரண்டு, அக்காவின் வாயிலிருந்து தாமாகவே வந்தன. பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். நாளை காலை அக்கா தருமபுரிப் பேருந்து நிலையத்துக்கு வந்துவிடுவார். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறேன்.