மெக்னீசியத்துக்கு ராடு தேடிய கதை

வால்பாறைப் பக்கம் எஸ்டேட்டில் நிழல் மரம் கழிக்கும் ஒருவர், மரம் அறுக்கும் மெஷின் ஒன்றைக் கோவையில் இருக்கும் என் வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுவந்தார். கிளை விழுந்து இன்ஜினின் வெளிக்கூடான கிராங்க்கேஸில், போல்ட் மாட்டும் ஒரு காது ஒடிந்திருந்தது. ஒடிந்த துண்டைத் தாளில் பத்திரமாகச் சுற்றி வைத்திருந்தார். "அலுமினியம்தானுங்ணா, ஒரு புள்ளி வெச்சுக் குடுத்துருங்க" என்றார்.

கையில் வாங்கும்போதே லேசாகத்தான் இருந்தது. அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும். பிளாஸ்டிக்கைக் கழற்றிவிட்டு, அலுமினியத்துக்கு எப்போதும் உருக்கி நிரப்பும் 4043 வெல்டிங் ராடை எடுத்து ஓட்டினேன். பீட், அதாவது வெல்டிங் தடம், பார்க்க அழகாகவே விழுந்தது. டார்ச்சை வைத்துவிட்டு டீ குடிக்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம். காதைக் கட்டை விரலால் அழுத்தினேன், கையோடு வந்துவிட்டது. முறிந்த இடம் கல்கண்டை உடைத்த மாதிரி மினுமினுத்தது.

வீட்டிலிருந்து வினிகர் கொண்டுவரச் சொல்லி, அரம் போட்டுச் சுரண்டிய இடத்தில் ஒரு சொட்டு விட்டேன். சோடா மாதிரி நுரைத்தது. பக்கத்தில் கிடந்த அலுமினியத் துண்டில் விட்டால் சும்மா கிடந்தது. இது மெக்னீசியம். இரண்டும் உருகுவது ஏறக்குறைய ஒரே சூட்டில்தான், மெக்னீசியம் 650 டிகிரி, அலுமினியம் 660. ஆனால் அலுமினிய ராடை இதில் உருக்கினால் இரண்டும் கலந்து, கண்ணாடி போல நொறுங்கும் சேர்மமாகிவிடுகிறது. போட்ட பீடை முழுக்கச் சுரண்டி எடுத்தால்தான் அடுத்த வேலை.

கிரைண்டரைத் தொடவில்லை, அரம்தான். தூளை மூடி போட்ட காய்ந்த டப்பாவில் சேர்த்தேன். ஒரு சிட்டிகையைக் கொல்லைப்புறம் வைத்துப் பற்றவைத்ததில் கண் கூசும் வெள்ளை வெளிச்சம், தீபாவளி மத்தாப்பு தோற்றது. பையனிடம் அப்போதே சொல்லிவிட்டேன்: இது பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் வேலைக்கு ஆகாது, காய்ந்த மணல்தான். வாளி மணல் அன்றிலிருந்து மேஜைக்கடியில் இருக்கிறது.

பிறகுதான் ராடு தேடும் படலம். ஒரு கடையில் "மெக்னீசியம் ராடுதானே, இருக்குங்க" என்று 5356-ஐ நீட்டினார்கள். அதில் 5 சதவீதம் மெக்னீசியம் இருப்பது உண்மைதான், மீதி அலுமினியம்! நமக்கு வேண்டியது நேர் எதிர். மெக்னீசிய ராடின் பெயரிலேயே கலவை இருக்கிறது. ஏ என்றால் அலுமினியம், இசட் என்றால் துத்தநாகம். ஏஇசட்61-ல் 6 சதவீதமும் 1 சதவீதமும், ஏஇசட்92-ல் 9-ம் 2-ம், ஏஇசட்101-ல் 10-ம் 1-ம். இஇசட்33 என்று ஒன்று உண்டு. அது அருமண் தனிமங்கள் கலந்த, சூடு தாங்கும் வார்ப்புகளுக்கு, நமக்கு வேண்டாம். இந்த மாதிரி டை காஸ்டிங் (அச்சில் அழுத்தி வார்த்தது) பெரும்பாலும் ஏஇசட்91 கலவைதான். அதனால் ஏஇசட்92 கேட்டேன். தாய் உலோகம் இறுகிய பிறகும் இது கொஞ்ச நேரம் இளகி நிற்கும் என்பதால் விரிசல் குறைவு.

ராடு வர மூன்று வாரம் ஆனது. அதுவரை ஆக்கர் கடையில் (பழைய இரும்புக் கடை) பிடித்த உடைந்த கிராங்க்கேஸிலிருந்து மெல்லிய குச்சிகளாக அறுத்து, அதையே ராடாக வைத்துப் பழகினேன். அவசரத்துக்கு அது மோசமில்லை.

வந்த ராடு கறுத்துக் கிடந்தது. பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் வெள்ளி மாதிரி ஆகும்வரை தேய்த்து அசிட்டோனில் துடைத்தேன். கிராங்க்கேஸில் பேரிங், சீல் எல்லாம் கழற்றி, கோணாமல் இருக்க இன்னொரு பாதியோடு போல்ட் போட்டு, பழைய ஓடிஜி அடுப்பில் 150 டிகிரியில் வைத்தேன். பழுப்பாக எண்ணெய் வியர்த்தது. துடைத்து மறுபடி வைத்தேன், மறுபடியும் வியர்த்தது. நாலாவது தடவைதான் துணி சுத்தமாக வந்தது.

வெல்டிங் மெஷினை ஏசி கரண்ட்டில் வைத்து, 90 ஆம்பியரில் ஆரம்பித்துக் குறைத்துக்கொண்டே வந்தேன். இந்த உலோகம் சிவக்காது, முன்னறிவிப்பே கிடையாது. மங்கலாக இருந்த இடம் சட்டென்று கண்ணாடி ஆகும், அந்த நொடியில் ராடைத் தொட்டு எடுக்க வேண்டும். எடுக்கும்போது நுனி, டார்ச்சிலிருந்து வரும் ஆர்கான் வாயுவை விட்டு வெளியே போகக் கூடாது, போனால் கறுத்துவிடும். வார்ப்புக்குள் அடைபட்ட காற்று இரண்டு இடத்தில் துப்பிக் குழி விழுந்தது. குடைந்து எடுத்து மறுபடி நிரப்பினேன். இதற்கென்றே புதிதாக வாங்கிய ஸ்டெயின்லெஸ் பிரஷ்ஷால் கரியைத் துடைத்தேன். இரும்பில் தேய்த்த பிரஷ் இதில் பட்டால் அந்த இடம் பின்னால் அரிக்கும். ஆர்க் எரிந்தது மொத்தம் நாலைந்து நிமிஷம் இருக்கும்.

வேலை அதோடு முடியவில்லை. அலுமினியம் கலந்த மெக்னீசியத்தில் வெல்டிங் இழுவிசை உள்ளேயே நின்றால், ஈரமும் சேர்ந்து நாள்பட விரிசல் விடும். வால்பாறை மழையைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த இழுவிசையைத் தணிக்க 260 டிகிரியில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும், அதற்கு ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறை நண்பரிடம் போனேன். மெக்னீசியம் என்றதும் "ஏனுங்ணா, என்ர ஃபர்னஸ்தான் கெடச்சுதா?" என்றார். தூளாக இல்லாமல் கட்டியாக இருந்தால் 260-ல் பற்றாது என்று புரியவைப்பதற்குள் வெல்டிங்கைவிட அதிக நேரம் ஆனது. வைத்த ஒரு மணி நேரமும் கதவுப் பக்கமே நின்றார்.

துளை போட்டு, முகம் சமன் செய்து, எபாக்ஸி பிரைமர் அடித்துக் கொடுத்தேன். 800 ரூபாய் வாங்கினேன். ராடு வாங்கிய காசில் கால்வாசிகூட இல்லை.

அடுத்த மாதம் அவரே இன்னொருத்தர் மெஷினோடு வந்தார். "இதுவும் மெக்னீசியம்தானுங்ணா" என்று அடித்துச் சொன்னார். பிரைமர் வாடை போகாத கையோடு வினிகர் பாட்டிலை எடுத்து ஒரு சொட்டு விட்டேன். நுரைக்கவே இல்லை. 4043-ஐ எடுத்தேன்.